டயப்லோ 2: கையில் ஒன்றுமில்லாதவருக்கு ஒரு முதல் பில்ட்

பேய்களைக் கொன்று முன்னேறும் டயப்லோ 2 என்ற கணினி ஆட்டம் வெளிவந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. 2000 இல் மூல ஆட்டம், 2001 இல் விரிவாக்கம், 2021 இல் புது மெருகோடு ரிசரக்டட் பதிப்பு. இன்றைக்கும் ஹட்டனிலும் பண்டாரவளையிலும் இதைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் தீபாவளிக்கு வரும்போது கொண்டுவந்த பழைய லெப்டொப்பில் ஓடும், நெட் இல்லாவிட்டாலும் ஓடும் என்றால் வேறென்ன வேண்டும்?

ஆட்டத்தில் நோர்மல், நைட்மேர், ஹெல் என்று மூன்று கட்டம். தொடங்குகிறவர்களில் பலர் கடைசிக் கட்டமான ஹெல்லைப் பார்க்காமலே விட்டுவிடுவதும் உண்டு. "எது பலமான பில்ட்?" என்று தேடுவார்கள். பில்ட் என்றால் ஒரு கேரக்டரை எந்த ஸ்கில்களில் வளர்ப்பது என்ற திட்டம். வருடக்கணக்கில் ஆடிய ஒருவர் போட்ட பட்டியல் கிடைக்கும். அதில் முதலிடத்தில் இருக்கும் பில்ட், எனிக்மா என்ற ரூன்வேர்ட் கவசத்தை, அதாவது ரூன் என்ற மந்திரக் கற்களைத் துளைகளில் பதித்துச் செய்யும் கவசத்தை, நம்பி நிற்கும். அதைச் செய்ய ஜா, இத், பெர் என்று மூன்று ரூன் வேண்டும். ஆட்டத்தில் உள்ள 33 ரூன்களில் ஜா 31 ஆவது, பெர் 30 ஆவது. மாதக்கணக்கில் ஆடியும் இரண்டையும் கண்ணால் காணாதவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பட்டியல் பொய் இல்லை. அது சாமான் சேர்த்து முடித்தவருக்கான பட்டியல், அவ்வளவுதான். புதியவருக்குப் பலமான பில்ட் என்றால், குப்பைச் சாமானோடும் முன்னேறக்கூடிய பில்ட். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் பதிப்பைப் பாருங்கள்

ரிசரக்டட்டுக்கு 8 ஜிபி ராமும் 30 ஜிபி இடமும் வேண்டும், ஓரளவு கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். டவுன்லோட் செய்ய நள்ளிரவுக்குப் பிறகு கிடைக்கும் இரவு டேட்டாவைப் பயன்படுத்துங்கள், பகல் டேட்டாவைக் கரைக்காதீர்கள். ஒஃப்லைனில் ஆடலாம், ஆனால் இடைக்கிடை ஒருமுறை இணையத்தில் தலையைக் காட்ட வேண்டிவரும். மூல ஆட்டத்துக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. எந்தப் பழைய இயந்திரத்திலும் ஓடும், ஒரே வீட்டில் இரண்டு லெப்டொப்பைக் கேபிளால் இணைத்து அண்ணன் தம்பி சேர்ந்தும் ஆடலாம். ரிசரக்டட்டில் அந்த லேன் வசதியை எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் இன்னும் கோபம்தான்.

யாரோ பென் டிரைவில் ஏற்றித்தந்த பிரதி என்றால் பதிப்பு எண்ணைக் கட்டாயம் பாருங்கள். 1.13 க்கு முந்தியது என்றால், ஒருமுறை போட்ட ஸ்கில் பொயின்ட்டைத் திருப்பி எடுக்க வழியே இல்லை. புதியவர் அதில் தொடங்கக்கூடாது.

ஒன்லைனா, ஒஃப்லைனா? ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஜூன் முதல் ஓகஸ்ட் வரை தென்மேற்கு மழை. பதுளை, வெலிமடைப் பக்கத்துக்கு நவம்பர் தொடங்கி ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. அந்த மாதங்களில் லைனும் கரண்டும் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. முதல் கேரக்டரை ஒஃப்லைனில் வளர்ப்பதே புத்தி. ஹார்ட்கோர் முறையை, அதாவது ஒருமுறை செத்தால் கேரக்டரே போய்விடும் முறையை, ஒன்லைனில் தொடவே வேண்டாம். பேய் கொல்லாவிட்டாலும் லைன் கொன்றுவிடும்.

பில்ட் என்பது ஒரு கணக்கு

ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் 5 ஸ்டாட் பொயின்ட்டும் 1 ஸ்கில் பொயின்ட்டும் கிடைக்கும். ஒவ்வொரு கேரக்டருக்கும் மூன்று பக்கங்களில் 30 ஸ்கில். ஒரு ஸ்கில்லில் அதிகபட்சம் 20 பொயின்ட் போடலாம். டென் ஒஃப் ஈவில், ரடமென்ட், இசுவல் ஆகிய குவெஸ்ட்களை முடித்தால் ஒவ்வொரு கட்டத்திலும் கூடுதலாக 4 ஸ்கில் பொயின்ட், மூன்று கட்டங்களிலும் சேர்த்து 12. லெவல் 99 வரை போனால் மொத்தம் 110. ஆனால் 99 வரை போகிறவர் அபூர்வம். ஹெல்லை முடிக்கும்போது சாதாரணமாக எண்பது சொச்சத்தில் இருப்பீர்கள், அதனால் கையில் வருவது ஏறக்குறைய 90 பொயின்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சினர்ஜி. 2003 இல் வந்த 1.10 பதிப்பு இதைக் கொண்டுவந்தது. ஒரு ஸ்கில்லில் போடும் பொயின்ட் இன்னொரு ஸ்கில்லின் டேமேஜையும் ஏற்றும். உதாரணத்துக்கு மந்திரக்காரியான சோர்சரஸின் பிளிசார்ட் என்ற பனி ஸ்கில்லை எடுங்கள். அதற்கு ஐஸ் போல்ட், ஐஸ் பிளாஸ்ட், கிளேசியல் ஸ்பைக் மூன்றும் சினர்ஜி, ஒவ்வொரு பொயின்ட்டுக்கும் 5 சதவீதம் கூடும். பிளிசார்டுக்கு 20, மூன்றுக்கும் 60, ஆக 80 போய்விட்டது. மிச்சம் இருப்பது டெலிபோர்ட் மாதிரி கட்டாய ஸ்கில்களுக்கு ஒவ்வொன்று போடத்தான் காணும்.

ஆகவே 90 பொயின்ட்டில் ஒரு ஆயுதத்தைத்தான் முழுதாகத் தீட்ட முடியும். நெருப்பில் கொஞ்சம், பனியில் கொஞ்சம், மின்னலில் கொஞ்சம் என்று தெளித்தவர் நோர்மல் கட்டத்தில் ராஜா மாதிரி நடப்பார். நைட்மேர் பாதியில் அடி எடுபடாது. ஏன் என்றும் தெரியாது.

தேர்வு செய்யும்போது கேட்கவேண்டியவை

முதல் கேள்வி, இந்த பில்ட்டின் டேமேஜ் எங்கிருந்து வருகிறது? ஸ்கில்லில் இருந்தா, கையில் உள்ள ஆயுதத்தில் இருந்தா? பார்பேரியன், வில் பிடிக்கும் அமேசன் போன்றோர் ஆயுதத்தை நம்பியவர்கள். நல்ல ஆயுதம் விழாவிட்டால் அவர்கள் நிலை பரிதாபம். அவர்களை இரண்டாவது கேரக்டராக வைத்துக்கொள்ளுங்கள். மந்திரம் போடுகிறவர்களுக்கும் படை எழுப்புகிறவர்களுக்கும் டேமேஜ் ஸ்கில்லோடு வந்துவிடும், கையில் ஓட்டைத் தடி இருந்தாலும் சரி.

இரண்டாவது, ஹெல்லில் இம்யூன் பேய்கள் வரும்போது என்ன செய்யும்? அங்கே பல பேய்களுக்கு ஒரு வகை டேமேஜ் அறவே ஏறாது. பனி இம்யூன் பேய் மேல் பிளிசார்டை விடிய விடியக் கொட்டினாலும் அது அசையாது. பதில் இல்லாத பில்ட் அங்கே நின்றுவிடும். பதில் என்றால் பெரிதாக ஒன்றும் வேண்டாம்: காசு கொடுத்துக் கூட வைத்துக்கொள்ளும் மெர்சனரி அடிப்பான், அல்லது அந்தப் பேயைத் தாண்டிப் போக வழி இருக்கும். அது போதும்.

மூன்றாவதை யாரும் பட்டியலில் போடுவதில்லை. உங்கள் கைக்கும் நேரத்துக்கும் அது ஒத்துவருமா? மவுஸ் இல்லாமல் டச்பேடில் ஆடுகிறவர் இருக்கிறார். நுவரெலியாவில் ஜனவரி இரவில் விரல் விறைத்துப்போக ஆடுகிறவர் இருக்கிறார். வகுப்பு முடிந்து வந்து சாப்பாட்டுக்கு முன் அரை மணி நேரம் மட்டும் கிடைக்கிறவரும் இருக்கிறார். எல்லோருக்கும் ஒரே பில்ட் சரிவராது.

என் முதல் சிபாரிசு: எலும்புப்படை நெக்ரோமன்சர்

நெக்ரோமன்சர் செத்த பேயின் பிணத்திலிருந்து எலும்புக்கூட்டை எழுப்பிச் சண்டைக்கு அனுப்புவான். அவன் பின்னால் நின்றால் போதும். குறிபார்த்துக் கிளிக் பண்ணும் வேலை குறைவு என்பதால் டச்பேட்காரருக்கு இதைவிட நல்லது இல்லை.

லெவல் 1 இலேயே ரெய்ஸ் ஸ்கெலிட்டன் கிடைக்கும். தொடக்கத்தில் பொயின்ட்களை அதிலேயே போடுங்கள், அப்புறம் ஸ்கெலிட்டன் மாஸ்டரியில். அம்ப்ளிஃபை டேமேஜ் என்ற சாபத்துக்கு ஒரு பொயின்ட். சாபம் விழுந்த பேயின் உடல் எதிர்ப்பு 100 குறையும், அதனால் எலும்புக்கூடுகளின் அடி பல மடங்கு உறைக்கும். சில பேய்களின் உடல் இம்யூனிட்டியையும் அது உடைக்கும். கிளே கோலெம் என்ற களிமண் உருவத்துக்கு ஒன்று. அது பெரிய பேய்களை மெதுவாக்கிப் பிடித்து வைக்கும்.

லெவல் 6 இல் கோர்ப்ஸ் எக்ஸ்ப்லோஷன். இந்த பில்ட்டின் உயிரே இதுதான், ஆகவே கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். கீழே கிடக்கும் பிணத்தை வெடிக்க வைத்தால், அந்தப் பேய்க்கு உயிரோடு இருந்தபோது இருந்த உயிர் அளவில் பெரும்பங்கு டேமேஜாகச் சுற்றியுள்ளவற்றின் மேல் விழும். டேமேஜில் பாதி நெருப்பு, பாதி உடல் அடி. நெருப்பு இம்யூன் என்றாலும் மற்றப் பாதி வேலை செய்யும். இதில் உள்ள சூட்சுமம், ஹெல்லில் பேய்களின் உயிர் கூடக்கூட இந்த வெடிப்பும் தானாகக் கூடும் என்பது. மற்ற ஸ்கில்களுக்குச் சாமான் தேடி அலையவேண்டும். இதற்குப் பேயே சாமான். இதில் கூடுதல் பொயின்ட் போட்டால் டேமேஜ் அல்ல, வெடிக்கும் வட்டம்தான் பெரிதாகும். அதனால் முதலில் ஒன்று போட்டுவிட்டு, படை நிறைந்த பிறகு வசதிபோல ஏற்றுங்கள்.

குறையும் உண்டு. முதல் பிணம் விழும்வரை கஷ்டம். தனியாக நிற்கும் பொஸ்களிடம் வெடிக்க வைக்கப் பிணம் இருக்காது. ஆகவே படையை முன்பே நிறைத்துக்கொண்டு உள்ளே போகவேண்டும். ஆட்டத்தை மூடித் திறந்தால் எலும்புப்படை கலைந்துவிடும், மெர்சனரி மட்டும் மிஞ்சுவான். கரண்ட் அடிக்கடி போகும் இடத்தில் இது எரிச்சல்தான். ஆனால் படையைத் திரும்ப எழுப்ப ஐந்து நிமிடம் போதும். பழைய லெப்டொப்பில் இருபது பிணம் சேர்ந்தாற்போல் வெடித்தால் படம் திக்கும், அதற்குப் பயப்படாதீர்கள்.

கையில் மவுஸும் பொறுமையும் உள்ளவருக்கு: பிளிசார்ட் சோர்சரஸ்

நெக்ரோமன்சர் பத்திரமானவன், ஆனால் மெதுவானவன். சாமான் சேர்க்க வேகம் வேண்டும் என்றால் சோர்சரஸ். லெவல் 18 இல் டெலிபோர்ட் கிடைத்ததும் நிலவறைகளைச் சுவர் சுவராகத் தாண்டிப் போய் பொஸ்ஸை மட்டும் கொன்றுவிட்டு வரலாம். அடி தாங்கமாட்டாள், இரண்டு அம்பு விழுந்தால் படுத்துவிடுவாள். அதைப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

வழி இப்படி. பிளிசார்ட் லெவல் 24 இல்தான் திறக்கும், அதுவரை நெருப்பில் ஓட்டுங்கள். ஃபயர் போல்ட், லெவல் 12 இல் ஃபயர் போல். லெவல் 6 இல் ஸ்டாட்டிக் ஃபீல்டுக்கு ஒரு பொயின்ட், தவறவிடாதீர்கள். அது ஒவ்வொரு முறையும் எதிரியிடம் அப்போது மிஞ்சியிருக்கும் உயிரில் கால் பங்கைக் குறைக்கும். நோர்மலில் பெரிய பொஸ்களையும் குற்றுயிராக்கிவிடலாம். நைட்மேரில் மூன்றில் ஒரு பங்கு உயிருக்குக் கீழேயும் ஹெல்லில் பாதிக்குக் கீழேயும் அது இறக்காது. லெவல் 26, 28 அளவில் முதல் அங்கத்தின் நகரில் இருக்கும் அகாராவிடம் போய் (ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்து அங்கம்) எல்லாப் பொயின்ட்டையும் திருப்பி எடுத்துப் பனிக்கு மாறுங்கள். டென் ஒஃப் ஈவில் குவெஸ்ட்டை முடித்தவருக்கு அவள் ஒவ்வொரு கட்டத்திலும் ஒருமுறை இதைச் செய்து தருவாள். முடித்த உடனே பயன்படுத்தவேண்டும் என்றில்லை, வைத்திருந்து தேவைப்படும்போது கேட்கலாம்.

மாற்றிய கையோடு பலம் வராது. தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய பிறகு கொழுந்து வரக் காத்திருக்கிற மாதிரி, சினர்ஜிகள் நிறையும் வரை ஏழெட்டு லெவலுக்குப் பழைய நெருப்பையே நினைக்கத் தோன்றும். அந்த நேரத்தில் திரும்பவும் மாற்றிவிடாதீர்கள். லெவல் 30 இல் கோல்ட் மாஸ்டரி வந்ததும் எதிரியின் பனி எதிர்ப்பு இறங்கி நிலைமை தெளியும். பிளிசார்டை ஒருமுறை போட்டால் அடுத்ததற்கு ஏறக்குறைய இரண்டு வினாடி இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் கிளேசியல் ஸ்பைக்கை வீசிப் பேய்களை உறைய வையுங்கள். அது சினர்ஜிக்காக எப்படியும் ஏற்றவேண்டிய ஸ்கில், வீணே போகாது.

ஹெல்லில் பனி இம்யூன் கூட்டத்தைக் கண்டால் மல்லுக்கட்டாதீர்கள். டெலிபோர்ட் எதற்கு இருக்கிறது? சாமான் தேட, பனி ஏறும் இடங்களாகப் பார்த்துப் போங்கள். மூன்றாம் அங்கத்தின் மெஃபிஸ்டோ பனி இம்யூன் இல்லை. இரண்டாம் அங்கத்தில் லொஸ்ட் சிட்டிக்குக் கீழே உள்ள ஏன்ஷன்ட் டனல்ஸில் இயல்பாகவே பனி இம்யூன் பேய்கள் வருவதில்லை. இந்த இரண்டு இடமே பல மாதத்துக்குக் காணும்.

மற்றவர்கள்? பலடினின் பிளெஸ்ட் ஹேமர் பில்ட் ஹெல்லில் மிகப் பலமானது, மாய டேமேஜுக்கு இம்யூன் பேய்கள் மிகக் குறைவு. ஆனால் சுழன்று போகும் சுத்தியலை எதிரி மேல் விழவைக்கக் கை பழகவேண்டும், மேனாவும் (மந்திரம் போடச் செலவாகும் சக்தி) விரைவில் வற்றும். பொறிவைக்கும் அசாசின் நல்லவள், நடு லெவல்களில் பொறுமை வேண்டும். ட்ரூயிட்டின் சூறாவளி லெவல் 30 க்கு முன் சோபிக்காது.

ஸ்டாட் பொயின்ட்

இதில் யோசிக்க அதிகம் இல்லை. போட்டுக்கொள்ள வேண்டிய சாமான் கேட்கும் அளவுக்கு ஸ்ட்ரெங்த். டெக்ஸ்டெரிட்டியும் அப்படியே, சாமான் கேட்டால் மட்டும். மிச்சம் முழுவதும் உயிரைக் கூட்டும் வைட்டாலிட்டி. மந்திரக்காரிக்கு எனர்ஜி வேண்டும்தானே என்று தோன்றும். வேண்டாம். மேனாவுக்குப் போத்தல் குடிக்கலாம், ரிசரக்டட்டில் மெர்சனரிக்கு இன்சைட் என்ற ரூன்வேர்ட் ஆயுதத்தைக் கொடுக்கலாம் (கீழே சொல்கிறேன்). இல்லாத உயிரைக் கடையில் வாங்க முடியாது.

குறைந்த விலைச் சாமான், பெரிய பலன்

ரூன்வேர்ட் செய்ய மூன்று விதி. துளையுள்ள சாதாரணச் சாமானாக இருக்கவேண்டும். பெயர் நீலத்திலோ மஞ்சளிலோ இருந்தால் ஆகாது, வெள்ளையோ சாம்பலோதான். துளைகளின் எண்ணிக்கை சொன்னபடியே இருக்கவேண்டும், ஒன்று கூடினாலும் பிழை. ரூன்களைச் சொன்ன வரிசையிலேயே பதிக்கவேண்டும்.

முதலில் ஸ்டெல்த்: இரண்டு துளைக் கவசத்தில் டால், எத். லெவல் 17 இல் அணியலாம். மந்திரம் போடும் வேகமும் ஓடும் வேகமும் 25 சதவீதம் கூடும். நைட்மேர் முழுக்க இதோடு நடந்தவர்கள் இருக்கிறார்கள். ரூன் எங்கே கிடைக்கும்? முதல் அங்கத்தில் பிளாக் மார்ஷில் உள்ள கோபுரத்தின் அடியில் கவுன்டஸ் இருப்பாள். அவளைக் கொன்றால் ரூன் விழும். நோர்மலில் ரால் வரைக்குமான சின்ன ரூன்கள் அவளிடமே கிடைத்துவிடும், திரும்பத் திரும்பப் போகலாம்.

ஐந்தாம் அங்கத்தில் சிறைப்பட்ட வீரர்களை மீட்கும் குவெஸ்ட்டுக்குப் பரிசாக ரால், ஓர்ட், டால் மூன்றும் கையில் தருவார்கள். அவற்றை விற்றுவிடாதீர்கள். மூன்று துளைக் கேடயத்தில் அந்த வரிசையிலேயே பதித்தால் ஏன்ஷன்ட்ஸ் பிளெட்ஜ். நான்கு எதிர்ப்பும் நாற்பதுக்கு மேல் ஏறும்.

ரிசரக்டட் ஆடுகிறவர்களுக்கு இன்னும் இரண்டு உண்டு. நான்கு துளை வாளில் டால், தூல், ஓர்ட், அம்ன் பதித்தால் ஸ்பிரிட், எல்லா ஸ்கில்லுக்கும் 2 கூடும். நான்கு துளை நீள்தண்டு ஆயுதத்தில் ரால், டிர், டால், சொல் பதித்து மெர்சனரியிடம் கொடுத்தால் இன்சைட், மேனா ஊறிக்கொண்டே இருக்கும். மூல ஆட்டத்தில் தனியாக ஆடுகிறவருக்கு இவை இரண்டும் கிடைக்காது.

மெர்சனரியை இரண்டாம் அங்கத்தின் நகரில் கிரைஸிடம் எடுங்கள். நைட்மேர் கட்டத்தில் எடுப்பவனே முக்கியம். சோர்சரஸுக்கு ஹோலி ஃப்ரீஸ் உள்ளவன், எலும்புப்படைக்கு மைட் உள்ளவன்.

ஹெல்லுக்கு முன் எதிர்ப்புக் கணக்கு

பில்ட் நன்றாக இருந்தும் ஹெல்லின் வாசலிலேயே சாகிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். நெருப்பு, பனி, மின்னல், விஷம் நான்குக்கும் எதிர்ப்பின் உச்சம் சாதாரணமாக 75. விரிவாக்கப் பதிப்பில் நைட்மேர் நுழைந்ததும் 40 குறையும், ஹெல்லில் 100 குறையும். ஹெல்லில் 75 நிற்கவேண்டும் என்றால் மொத்தம் 175 தேவை. ஐந்தாம் அங்கத்தில் அன்யாவை மீட்டால் ஒவ்வொரு கட்டத்திலும் எல்லா எதிர்ப்புக்கும் 10 நிரந்தரமாகக் கூடும். மூன்று கட்டத்திலும் 30. மிச்சம் 145 ஐச் சாமானில் தேடவேண்டும். நான்கையும் நிரப்ப முடியாது. மின்னலையும் நெருப்பையும் முதலில் பாருங்கள், விஷத்தைக் கடைசிக்கு விடுங்கள்.

நோர்மலை லெவல் 40 அளவிலும் நைட்மேரை 70 அளவிலும் முடித்தால் பாதை சீராக இருக்கும். ஒஃப்லைனில் ஆட்டத்துக்குள்ளேயே பிளேயர்ஸ் கட்டளை இருக்கிறது. 3 என்று கொடுத்தால் மூன்று பேர் ஆடுவது போல் பேய்களின் உயிர் கூடும், அனுபவமும் கூடும். லெவல் பின்தங்கினால் நைட்மேர் கடைசிப் பகுதியில் இதை வைத்து ஏற்றிக்கொள்ளுங்கள். அடி ஏறவில்லை என்றால் திரும்ப 1 க்கு இறக்குங்கள், யாரும் பார்க்கப்போவதில்லை.

கடைசியாக ஒன்று. இந்த ஆட்டத்தில் நிலவறை நடுவே நிறுத்திவிட்டு அதே இடத்தில் தொடர முடியாது. மூடித் திறந்தால் நகரத்தில்தான் இருப்பீர்கள், கொன்ற பேய்களும் திரும்பி வந்திருக்கும். நீங்கள் தொட்ட வேபொயின்ட், அதாவது நகரத்திலிருந்து நேரே அங்கே திரும்பிப் போக உதவும் மேடை, மட்டும் நிலைக்கும். வானம் இருட்டிக்கொண்டு வந்தால் சண்டையை விட்டுவிட்டு முதலில் வேபொயின்ட்டைத் தேடுங்கள், தொட்டதும் சேமித்து வெளியேறுங்கள். வாரத்துக்கு ஒருமுறை சேவ் ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் பிரதியெடுத்து வையுங்கள். ரிசரக்டட்டில் அது விண்டோஸின் சேவ்ட் கேம்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும், மூல ஆட்டத்தில் 1.13 வரை ஆட்டம் ஏற்றிய ஃபோல்டருக்குள்ளேயே சேவ் என்ற பெயரில், 1.14 இலிருந்து அதுவும் சேவ்ட் கேம்ஸுக்குள்.